அடுப்பங்கரைக் கழிவும் மண்புழுப் பெட்டியும்



நமது சங்கத்தின் இதழில் பலரும் பயனுள்ள பாடங்களை எழுதி வருகிறார்கள். நீயும் ஒன்று எழுது என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள். மதரஸாவில் ஓதியதும் தொடக்கப் பள்ளியில் படித்ததும் தவிர எனக்கு வேறு படிப்பில்லை. பிரிக்பீல்ட்ஸில் மளிகைக் கடை வைத்துப் பிழைக்கிறவன். ஆகையால் பெரிய விஷயம் எதையும் தொடாமல், என் கையால் செய்து, ஒரு தடவை அடியோடு கெடுத்து, பிறகு திருத்திக் கொண்ட ஒரு காரியத்தை எழுதுகிறேன். அது யாதெனில், அடுப்பங்கரையில் மிஞ்சும் காய்கறித் தோலையும் காம்பையும் மண்புழுவுக்குக் கொடுத்து எருவாக்கும் காரியம்.

"மண்ணே இல்லாத மாடி வீட்டில் மண்புழுவா?" என்று சிலர் சிரிக்கலாம். என் குடித்தனமும் கடைக்கு மேல் மாடியில்தான். சொந்த மண் என்று ஒரு சாண் கூடக் கிடையாது. இரண்டடி நீளப் பெட்டி ஒன்று வைக்கப் பின்கட்டில் நிழலான இடம் இருந்தால் போதும்.

கழிவு எங்கே போகிறது?

முதலில் நாம் தூக்கி எறிவது எங்கே போகிறது என்று பார்ப்போம். குப்பைப் பையை முடிச்சுப் போட்டுக் கீழே வைத்து விட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் பையின் பயணம் அப்போதுதான் தொடங்குகிறது. கோலாலம்பூர்க் குப்பை, நகரின் வடக்கே தாமான் பெரிங்கின் என்னும் இடத்திலுள்ள மாற்று நிலையத்துக்குப் போகிறது. அங்கே அமுக்கப்பட்டுப் பெரிய வண்டிகளில் ஏறி, உலு சிலாங்கூரிலுள்ள புக்கிட் தாகாருக்குப் போய் மண்ணில் புதைகிறது. நம் வீட்டு வாழைப்பழத் தோல் ஒன்று புதைக்கப்படுவதற்கு இத்தனை வண்டி, இத்தனை எண்ணெய், இத்தனை ஆட்கள்!

2015-ம் ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி முதல் கோலாலம்பூர், புத்ராஜெயா முதலிய இடங்களில் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பது சட்டமாயிற்று. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, டின் ஆகியவை ஒரு பக்கம். உணவுக் கழிவோ மற்ற மிச்சக் குப்பையோடு சேர்ந்தே போகிறது. 2012-ல் அரசாங்கம் எடுத்த ஆய்வில், இந்நாட்டு வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ 45 சதவீதம் உணவுக் கழிவு என்று தெரிய வந்தது. அதாவது நாம் கட்டி வைக்கும் பையில் கிட்டத்தட்டப் பாதி, நம் சமையற்கட்டிலிருந்து போவது.

அப்படிப் புதைத்தால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். காய்கறித் தோல் காற்றுப் படும் இடத்தில் மக்கினால் எருவாகும். காற்றுப் புகாமல் அடியில் அமுங்கி அழுகினால் மீத்தேன் என்னும் வாயு உண்டாகும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைப் போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வலிமை உடையது. ஒரே தோல், ஓரிடத்தில் உரம், மற்றோரிடத்தில் விஷம்! வித்தியாசம் காற்றில்தான் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் நான் செய்த தவறு இதனால்தான் விளங்கும்.

மண்புழுவை மதித்தவர்கள்

மண்புழுவை ஊரில் நாக்குப்பூச்சி என்பார்கள். பழைய தமிழில் நாங்கூழ் என்று பெயர். காலில் மிதிபடும் இந்த ஜீவனைப் பெரியவர்கள் மதித்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானி சார்லஸ் டார்வின் 1881-ல் மண்புழுவைப் பற்றியே ஒரு புத்தகம் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவர் காலமானார். வீட்டுக்குள் தொட்டிகளில் மண்புழு வளர்த்து, அவை எந்த இலையை விரும்புகின்றன, வெளிச்சத்துக்கு என்ன செய்கின்றன, பியானோ வாசித்தால் காது கேட்கிறதா என்றெல்லாம் சோதித்துப் பார்த்தவர். காது கேட்காது, அதிர்வு மட்டும் உணரும் என்று கண்டார். ஓர் ஏக்கர் நிலத்தில் வருஷத்துக்குப் பத்து டன்னுக்கும் மேலான மண் மண்புழுக்களின் வயிற்றில் புகுந்து வெளிவரும் இடங்கள் பல உண்டு என்று கணக்கிட்டுச் சொன்னார். அதற்குப் பத்தாண்டு கழித்து, 1891-ல் வெளியான சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தில், நாங்கூழ்ப் புழுவின் உழைப்பைக் கண்டு ஒரு பாத்திரம் வியந்து பேசுவதாக ஒரு பகுதி வருகிறது. சேற்றில் நெளியும் புழு நாடகத்திலும் ஏறிவிட்டது.

நம் காலத்துக்கு வருவோம். சென்னை ராயப்பேட்டையில், தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தார் 1951-ல் நிறுவிய நியூ காலேஜைப் பற்றி நம்மவரில் பலர் அறிவார்கள். அங்கே நெடுங்காலம் பேராசிரியராக இருந்த டாக்டர் சுல்தான் அஹ்மது இஸ்மாயில், மண்புழு ஆராய்ச்சிக்காகவே பெயர் பெற்றவர். சீமையிலிருந்து புழு கொண்டுவர வேண்டியதில்லை, உள்ளூர் மண்ணில் இருக்கும் புழுவைக் கொண்டே உரம் செய்யலாம் என்று செய்து காட்டினார். மேல்மட்டத்தில் கழிவைத் தின்னும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற புழுவையும், மண்ணைத் துளைத்து வாழும் லாம்பிட்டோ மாரிட்டி என்ற புழுவையும் சேர்த்து வளர்க்கும் முறை அவருடையது. மண்புழு வாழும் தொட்டியில் நீரை மெல்ல வடியவிட்டு எடுக்கும் 'வெர்மிவாஷ்' என்னும் செடித் திரவத்தையும் விவசாயிகளிடையே பரப்பினார். 2021-ல் தமிழ்நாடு அரசு அவரை மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராக நியமித்தது. புழுவைக் குனிந்து பார்த்த ஒருவருக்கு இந்தக் கௌரவம் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

புழுவின் இயல்பு

ஒரு ஜீவனை வளர்க்குமுன் அதன் இயல்பு தெரிய வேண்டும். மண்புழுவுக்குக் கண் இல்லை, ஆனாலும் வெளிச்சம் பட்டால் உணர்ந்து ஒளியும். பல் இல்லை. கோழிக்கு இருப்பது போல அதன் உள்ளே ஓர் அரைவைப் பை உண்டு. விழுங்கிய மணல் துகள் அங்கே அம்மிக் கல்லாக நின்று தீனியை அரைக்கும். அதற்கு நம்மைப் போல் நுரையீரல் இல்லை. தோலாலேயே மூச்சு விடுகிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் மூச்சு. காய்ந்தால் சாகும், தண்ணீரில் காற்றில்லாமல் மூழ்கிக் கிடந்தாலும் சாகும். ஆண் பெண் உறுப்பு இரண்டும் ஒரே புழுவில் இருந்தாலும், இரண்டு புழு சேர்ந்தே இனம் பெருகும்.

தோட்டத்து ஆழ மண்ணில் தோண்டி எடுக்கும் புழு பெட்டிக்கு ஆகாது. மக்கும் இலை தழைகளுக்கு நடுவே, மேல்மட்டத்தில் வாழும் இனமே வேண்டும். குளிர் நாடுகளில் ஐசினியா ஃபெடிடா என்ற சிவப்புப் புழுவை வளர்க்கிறார்கள். நம் வெப்பத்துக்கு ஏற்றவை, யூட்ரிலஸ் யூஜினியே என்னும் ஆப்பிரிக்கப் புழுவும் மேலே சொன்ன பெரியோனிக்ஸும். இந்நாட்டில் எருவுக்காகப் புழு வளர்ப்பவர்கள் பலரிடம் இருப்பது ஆப்பிரிக்கப் புழு. ஆரம்பத்துக்கு அரைக் கிலோ போதும்.

பெட்டி அமைக்கும் விதம்

மீன் கடைகளில் ஐஸோடு வரும் வெள்ளைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள். வெளிச் சூட்டை எளிதில் உள்ளே விடாது என்பதால் நம் ஊருக்கு அது நல்லது. உப்பும் கவிச்சியும் போக நன்றாகக் கழுவி ஒரு நாள் காய வையுங்கள். மூடியிலும், பக்கச் சுவர்களின் மேற்பாதியிலும் காற்றுக்காகச் சிறு துளைகள் இடுங்கள். அடியில் பத்துப் பன்னிரண்டு துளைகள் போதும். அடித் துளைகளின் மேல் ஒரு துண்டு கொசுவலைத் துணி விரித்தால் புழு கீழே இறங்காது. பெட்டியை நான்கு செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டு வையுங்கள்.

இனிப் படுக்கை. புழு வாழும் இடத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். என் கடையில் முட்டை அட்டைக்கும் சாமான் வந்த அட்டைப் பெட்டிக்கும் பஞ்சமில்லை. அவற்றைத் தண்ணீரில் ஊற வைத்து, விரல் அகலத் துண்டாகக் கிழித்துப் போட்டேன். பழைய செய்தித் தாளும் ஆகும். பளபளப்பான வண்ணத் தாள் வேண்டாம். நம்மவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆயத்தோ, அல்லாஹ்வின் திருநாமமோ அச்சிட்ட தாள் தப்பித் தவறியும் இதில் விழக் கூடாது. கிழிக்குமுன் ஒவ்வொரு தாளையும் பார்த்துக் கிழியுங்கள். தென்னை நார்த் தூள், காய்ந்த இலைச் சருகு இவற்றையும் கலக்கலாம். அரை முழ உயரம் நிரப்பி, இரண்டு கைப்பிடி சாதாரண மண்ணைத் தூவுங்கள். புழுவின் அரைவைப் பைக்கு மணல் வேண்டுமல்லவா?

ஈரம் எவ்வளவு? ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு துளி கசிய வேண்டும். ஒழுகினால் அதிகம். ஒன்றும் கசியாவிட்டால் குறைவு. துவைத்துப் பிழிந்த துணியின் ஈரம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

புழுவை மேலே பரப்பி விட்டால் தானாக உள்ளே இறங்கும். புது இடம் என்பதால் முதல் இரண்டு இரவு வெளியேறப் பார்க்கும். பெட்டிக்கு மேலே ஒரு சிறு விளக்கை எரிய விடுங்கள். வெளிச்சத்துக்கு அஞ்சி உள்ளேயே தங்கும். கடும் மழை இரவுகளிலும் இப்படிச் செய்வது நல்லது. வெயில் படும் இடத்தில் மட்டும் பெட்டியை ஒரு போதும் வைக்க வேண்டாம். ஒரு பகல் வெயிலே அதை அடுப்பாக்கி விடும்.

எதைக் கொடுக்கலாம்?

காய்கறித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், பப்பாளித் தோல், வெந்நீரில் ஊறிய தேயிலைச் சக்கை, காப்பிச் சக்கை கொஞ்சம், நறுக்கிய வாழை இலை ஆகியவை ஆகும். முட்டை ஓட்டைக் காய வைத்து நன்றாகப் பொடித்துத் தூவினால் புளிப்பு மாறும். தேயிலைப் பையானால் பையைக் கிழித்துத் தூளை மட்டும் போடுங்கள். தர்ப்பூசணித் தோல் நீர் நிறைந்தது. அதைப் போடும் அன்று காய்ந்த அட்டையும் ஒரு பங்கு சேர்க்க வேண்டும்.

இறைச்சி, மீன், எலும்பு, பால், எண்ணெய், உப்பு, மசாலா சேர்ந்த ஆணம் ஆகியவை ஆகா. எலுமிச்சைத் தோலும் மிளகாயும் வெங்காயமும் பூண்டும் மிகச் சிறிதளவே தாங்கும். தேங்காய்ப் பால் பிழிந்த சக்கையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அதுவும் கொஞ்சமாகத்தான். டுரியான் ஓடு, தேங்காய் ஓடு முதலியவை வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும்.

அளவுதான் முக்கியம். நல்ல நிலையில் இருக்கும் புழு ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதி வரை தின்னும் என்பார்கள். அது கைதேர்ந்தவர்களின் கணக்கு. புதிதாகத் தொடங்குபவர் அரைக் கிலோப் புழுவுக்கு நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேல் போட வேண்டாம். பொடியாக நறுக்கி, ஒரு மூலையில் குழி பறித்துப் புதைத்து, மேலே அட்டைத் துண்டால் மூட வேண்டும். அடுத்த நாள் அடுத்த மூலை. முன்பு போட்டது கரைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு போட வேண்டும்.

நான் கெடுத்த பெட்டி

மேலே எழுதியதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கெடுத்தேன். அதைச் சொல்கிறேன்.

புழு வாங்கி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ரமலான் மாதம். ஒரு நாள் நோன்பு திறக்க உறவினர் பதினைந்து பேரை அழைத்திருந்தேன். அவ்வளவு பேருக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்க்காமல், வந்தவர்கள் முன் சட்டி வற்றினால் மரியாதையாக இராது என்று நினைத்து இரட்டிப்பாக ஆக்கச் சொன்னேன். நோன்பிருந்த வயிறு எவ்வளவு கொள்ளும்? நோன்புக் கஞ்சியிலும் பேரீச்சம்பழத்திலுமே பாதிப் பேர் நிறைந்து விட்டார்கள். சோறும் ஆணமும் மிஞ்சிக் கிடந்தன. அண்டை வீடுகளுக்குக் கொடுத்தது போக நாலைந்து கிலோ நின்றது. இரவுத் தொழுகைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், நம் ஊர் வெக்கைக்கு ஊசத் தொடங்கி விட்டது.

குப்பைப் பையில் கொட்ட மனம் வரவில்லை. உடனே ஒரு யோசனை தோன்றியது. புழுப் பெட்டி இருக்கிறதே! எருவாகி விட்டால் அது விரயம் ஆகாதே என்று என்னை நானே சமாதானம் செய்து கொண்டு, அவ்வளவையும் பெட்டியில் கொட்டி மூடினேன். அன்று நிம்மதியாகவே தூங்கினேன்.

மூன்றாம் நாள் ஸஹருக்கு எழுந்து பின்கட்டுக்குப் போனேன். தரையெல்லாம் கறுப்பு நூல் சிதறிக் கிடப்பது போல் இருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், அவ்வளவும் புழு. காற்றுத் துளை வழியாக வெளியே வந்து தரையில் காய்ந்து செத்திருந்தன. மூடியைத் திறந்தேன். புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே கை வைத்தால் சுட்டது. சோறு அமுங்கிக் காற்றுப் புகாமல் புளித்துப் பொங்கியிருந்தது. புக்கிட் தாகாரில் நடப்பதை என் வீட்டிலேயே நடத்தி விட்டேன்.

விடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்றார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ரெண்டு நாளா உங்க பக்கமிருந்து புளிச்ச வாடை வருது. பிள்ளைங்க சாப்பிட உட்கார முடியல" என்றார். தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன்.

அதைவிட என்னைச் சுட்டது என் தாயார் கேட்டது. செத்த புழுவைப் பெருக்கிக் கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்கள். "உசுரைக் காசு கொடுத்து வாங்கிட்டு வந்து இப்படிப் பண்ணிட்டியே வாப்பா" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "மிஞ்சுனத மறைக்கத்தானே அதுல கொட்டுனே?" என்றார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மை அதுதான். குப்பைப் பையில் போட்டால் விரயம் கண்ணுக்குத் தெரியும். பெட்டியில் போட்டால் புண்ணியம் போலத் தோன்றும். வீண் விரயம் கூடாது என்று மதரஸாவில் சிறு வயதிலேயே ஓதியவன், விரயத்துக்குத் திரை போடப் புழுவைப் பயன்படுத்தினேன்.

தராசு சொன்ன கணக்கு

பெருநாள் கழிந்து பெட்டியைக் கழுவி, பிழைத்திருந்த கொஞ்சப் புழுவோடு மேலும் வாங்கிச் சேர்த்துப் புதிதாகத் தொடங்கினேன். அதற்கு முன் ஒரு வேலை செய்தேன். கடையில் ஓய்ந்து கிடந்த பழைய தராசு ஒன்றைச் சமையற்கட்டில் கொண்டு போய் வைத்து, ஏழு நாள் எங்கள் வீட்டில் வெளியே போகும் உணவுக் கழிவையெல்லாம் நிறுத்து எழுதும்படி என் மகளிடம் சொன்னேன்.

ஏழு நாளில் நாலரைக் கிலோ வந்தது. அதில் இரண்டு கிலோ காய்கறித் தோலும் காம்பும். அரைக் கிலோ எலும்பும் மீன் முள்ளும். மீதி இரண்டு கிலோ, சமைத்துத் தின்னாமல் மிஞ்சியது. அரிசியைக் கிராம் கணக்கில் நிறுத்து விற்கும் வியாபாரி நான். ஒரு கைப்பிடி கூடப் போனால் ஊழியரைக் கோபிப்பேன். என் வீட்டில் வாரம் இரண்டு கிலோ சாப்பாடு வெளியே போனது எனக்குத் தெரியாது.

அன்று முதல் வீட்டில் ஒரு முறை வைத்தோம். ஐந்து பால் டின் அரிசி ஆக்கிய இடத்தில் நாலு டின். ஆணம் மிஞ்சினால் சூடு ஆறியவுடனேயே குளிர்பெட்டிக்குப் போய், மறுநாள் முதலில் அதுதான் தட்டுக்கு வரும். யாருக்காவது கொடுப்பதானால் நன்றாக இருக்கும்போதே கொடுப்பது. ஊசப் போகும் நேரத்தில் கொடுப்பது தர்மம் ஆகாது. இரண்டு மாதம் கழித்து மறுபடி நிறுத்தோம். தோலும் காம்பும் அதே இரண்டு கிலோ. மிஞ்சிய சாப்பாடு கால் கிலோவுக்குள் வந்து விட்டது.

ஆகவே இப்பாடத்தின் சாரம் இதுதான். சட்டியில் மிஞ்சுவதைக் குறைப்பது மனிதன் வேலை. தோலையும் காம்பையும் கரைப்பது புழுவின் வேலை. நம் வேலையைப் புழுவின் தலையில் போடக் கூடாது. எலும்பும் முள்ளும் இன்னும் குப்பைப் பைக்குத்தான் போகின்றன. அதற்கு என்னிடம் வழியில்லை.

குறைகளும் பரிகாரமும்

புளித்த வாடை வந்தால்: தீனி அதிகம், அல்லது ஈரம் அதிகம். தீனியை நிறுத்தி, காய்ந்த அட்டைத் துண்டு சேர்த்து, கையால் மெல்லக் கிளறிக் காற்றுப் புக விடுங்கள். முட்டை ஓட்டுப் பொடி தூவுங்கள். நல்ல பெட்டியில் மழை பெய்த மண் வாசனைதான் இருக்கும்.

சிறு ஈக்கள் மொய்த்தால்: தீனி மேலே திறந்து கிடக்கிறது. ஆழப் புதைத்து, மேலே ஈரச் செய்தித் தாளை விரியுங்கள்.

சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள் தோன்றினால்: அவை கறுப்பு ஈ ஒன்றின் குஞ்சுகள். தீனி அதிகமானாலோ, சமைத்த பண்டம் விழுந்தாலோ வரும். மனிதருக்குத் தீங்கில்லை. ஆனால் மண்புழுவின் தீனியைத் தின்று பெட்டியைச் சூடாக்கும். பொறுக்கி எடுத்து, தீனியைக் குறையுங்கள்.

எறும்பு வந்தால்: படுக்கை காய்ந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் தெளியுங்கள். நம் பாட்டிமார் பலகார அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதே முறையில் பெட்டியை நாற்கால் பலகையில் ஏற்றிக் கிண்ணம் வைக்கலாம். ஆனால் இங்கே டெங்கிக் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசுவை மறக்கக் கூடாது. தேங்கிய சுத்த நீர் அதன் தொட்டில். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகையால் கிண்ணத்து நீரில் சோப்பு நுரை கலந்து, மூன்று நாளைக்கு ஒரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். பெட்டிக்கு அடியிலுள்ள தட்டையும் அப்படியே கவனியுங்கள். அதில் வடியும் கறுப்பு நீரைச் சிலர் வெர்மிவாஷ் என்று நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. இது ஈரம் மிகுந்ததன் அடையாளம். கீரை போன்ற தின்னும் செடிகளின் மேல் தெளிக்க வேண்டாம்.

எலி உள்ள சந்துகளில் மூடிக்கு மேல் ஒரு செங்கல் வையுங்கள். பெட்டியைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்குங்கள்.

எரு எடுக்கும் முறை

இரண்டு மூன்று மாதத்தில் அட்டையும் தோலும் அடையாளம் தெரியாமல் மறைந்து, தேயிலைத் தூள் போன்ற கறுப்புக் குருணை நிற்கும். எடுக்க இரண்டு வழி உண்டு.

பொறுமை உள்ளவர்கள் எருவையெல்லாம் பெட்டியின் ஒரு பாதிக்கு ஒதுக்கி, மறு பாதியில் புதுப் படுக்கை அமைத்து அங்கே மட்டும் தீனி போட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான புழு தானாகக் குடி பெயர்ந்து விடும்.

அவசரக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் எருவைக் கொட்டி, வெளிச்சமான இடத்தில் சிறு கும்பங்களாகக் குவிக்க வேண்டும். வெயிலில் வேண்டாம், வெளிச்சம் போதும். புழு அடிக்கு ஓடும். மேலே மேலே வழித்தெடுத்தால் கடைசியில் அடியில் புழுக் கூட்டம் மட்டும் நிற்கும். கடுகு போலவும் அதற்குச் சற்றுப் பெரிதாகவும் மஞ்சள் பழுப்பு மணிகள் தென்படும். அவை புழுவின் முட்டைக் கூடுகள். எறிந்து விடாமல் பெட்டிக்கே திருப்பி விடுங்கள்.

தொட்டிச் செடிக்கு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எரு போதும். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே இங்கிருந்த செங்கற் சூளைகளால் வந்தது. சூளைக்கு ஏற்ற களிமண், செடிக்கு அவ்வளவு ஏற்றதாகாது. மழையில் பிசினாகி வெயிலில் கல்லாகும். புழு எரு கலந்தால் அது பொலபொலவென்று உதிர்ந்து, நீரும் காற்றும் உள்ளே போகும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் இப்போது கறிவேப்பிலை, புதினா, ரம்பை இலை, மிளகாய் நான்கும் தொட்டியில் நிற்கின்றன. முதல் எருவில் ஒரு டப்பா நிறையப் பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் வாங்கிக் கொண்டார்! அவர் வீட்டுக் கறிவேப்பிலை இன்று என்னுடையதை விட நன்றாக இருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

வீட்டில் பெற்றோர் இவற்றைக் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

1. மண்புழு எதனால் மூச்சு விடுகிறது? அதன் தோல் ஏன் காயக் கூடாது?

2. பல்லில்லாத புழு தீனியை எப்படி அரைக்கிறது? நாம் ஏன் மண் தூவுகிறோம்?

3. ஒரே தோல் பெட்டியில் எருவாவதும், குப்பை நிலத்தின் அடியில் கெட்ட வாயுவாவதும் ஏன்?

4. இந்த வாரம் நம் வீட்டில் சமைத்து மிஞ்சியது எத்தனை கிலோ?

கடைசிக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. ஒரு சிறு தராசும் ஏழு நாளும் வேண்டும். புழு வாங்குவதற்கு முன் அதைச் செய்து பாருங்கள். பிறகு பெட்டி வைப்பது உங்கள் விருப்பம். வைத்தால், அரைக் கிலோ உயிரின் தீனியும் ஈரமும் நிழலும் உங்கள் பொறுப்பு என்பதை மறவாதீர்கள். சந்தேகம் உள்ளவர்கள் அஸருக்குப் பிறகு கடைக்கு வந்தால், மேலே அழைத்துப் போய்ப் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். முகர்ந்தும் பார்க்கலாம்.

வஸ்ஸலாம்.